ராஜ்யத்தின் ஸ்டெப்னி

மோட்டார் காரின் உபரிச் சக்கரத்தை நம் ஊரில் 'ஸ்டெப்னி' என்கிறோம். அது உண்மையில் ஒரு தெருவின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த லனெல்லி என்னும் ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று உண்டு. 1904-ம் ஆண்டில் கார்களுக்கு உபரிச் சக்கரம் செய்து விற்க முன்வந்த டேவிஸ் சகோதரர்களின் கடை அந்தத் தெருவில் இருந்தது. தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்தது. சக்கரத்தோடு கடல் கடந்து தமிழுக்கும் வந்துவிட்டது.

ஆரம்ப காலத்தில் ஸ்டெப்னியைக் காருக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைத்தார்கள். பிற்பாடு அது டிக்கிக்குள் போய்ப் பூட்டுக்குள் அடங்கியது. அதிலேதான் வந்தது வினை! நடுவழியில் டயர் வெடிக்கிறது. ஸ்டெப்னி டிக்கிக்குள் மிகப் பத்திரமாக இருக்கிறது. ஆனால் சாவியைக் காணோம். அல்லது சாவி இருந்தும் துருப்பிடித்த பூட்டு திரும்ப மறுக்கிறது. பழைய கார்களோடு பழகிய மெக்கானிக் உடனே கடப்பாரையைத் தேடமாட்டார். பின்ஸீட்டைக் கழற்றி, அதற்குப் பின்னால் உள்ள தட்டியையும் நீக்கி, அந்த வழியாகக் கையை விட்டுப் பார்ப்பார். அதுவும் முடியாதபோதுதான் உடைக்கிற பேச்சு.

ஆபத்துக்கு என்று வைத்த பொருள் ஆபத்து வேளையில் கைக்கு எட்டுமா? இது கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் பிணைத்து நிற்கிறதே செஞ்சிக் கோட்டை, அதனுடைய சரித்திரமே இந்தக் கேள்விதான்.

1677-ல் சிவாஜி மகாராஜா செஞ்சியைப் பிஜப்பூர்காரர்களிடமிருந்து கைப்பற்றினார். பழைய மதில்களைத் திருத்தினார். புதிய மதில்களை எழுப்பினார். மகாராஷ்டிரத்தில் அத்தனை மலைக்கோட்டைகளை வைத்திருந்தவருக்கு இத்தனை தூரத்தில் இன்னொரு கோட்டை எதற்கு? பன்னிரண்டு ஆண்டுகளில் விடை கிடைத்தது. 1689-ல் அவருடைய மூத்த குமாரர் சம்பாஜியை ஔரங்கசீப் சிறைப்பிடித்துக் கொன்றார். தலைநகரான ராய்கட்டும் வீழ்ந்தது. இளையவர் ராஜாராம் மாறுவேஷத்தில் தெற்கே ஓடி வந்தார். கேளடி ராணி சென்னம்மா அவருக்கு ஆதரவு கொடுத்து வழியனுப்பினாள். அவர் வந்து சேர்ந்த இடம் செஞ்சி. ஓடுகிற சக்கரம் வெடித்தபோது மாட்டுவதற்கு ஒரு சக்கரம் தயாராக இருந்தது என்றால் மிகையாகாது.

1690-ல் மொகலாய சேனாபதி ஜுல்பிகர் கான் வந்து கோட்டையை வளைத்துக்கொண்டான். முற்றுகை, விட்டுவிட்டு, 1698 வரையில் நீடித்தது. ஜுல்பிகர் கான் மனம் வைத்திருந்தால் எப்போதோ கோட்டையைப் பிடித்திருக்கலாம் என்று அந்தப் படையிலேயே இருந்த பீம்சேன் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் மராத்தியரைக் காப்பாற்றியது எதிரியின் மந்தம் மட்டுமல்ல. அவர்கள் எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் குதிரைப் படையோடு வெளியே சுற்றிக்கொண்டிருந்தார்கள். 1692 முடிவில் அவர்கள் வந்து தாக்கிய வேகத்தில், முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்கு ஆளாகி வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது.

கடைசியில் கோட்டை விழத்தான் விழுந்தது. ஆனால் அதற்குள் ராஜாராம் தப்பி, வேலூர் வழியாக வடக்கே போய்விட்டார். முன்வாசலைப் பகைவன் காத்துக்கொண்டிருக்கப் பின்ஸீட்டு வழியாக வெளியேறிய சாமர்த்தியம் அது. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. அவருடைய மனைவியரும் குழந்தைகளும் உள்ளே அகப்பட்டுக்கொண்டார்கள். அந்தக் குன்றின்மேல் அவர்கள் பட்ட கவலையைச் சரித்திரம் எழுதவில்லை. நாம் யோசித்துப் பார்க்கலாம்.

இனி உடைத்துத் திறந்த கதை. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக்கு வந்தார். அவர் கொண்டுவந்த 'சாவி'க்குப் பெத்தார் என்று பெயர். மணி போன்ற உலோகக் கலத்தில் வெடிமருந்தைக் கெட்டித்து, பலகையில் பொருத்தி, வாசற்கதவில் மாட்டித் திரியைக் கொளுத்துவார்கள். மருந்தின் வேகமெல்லாம் கதவின்மேல் பாயும். மாட்டுகிறவன் பிழைப்பது அவனவன் அதிர்ஷ்டம். கீழ்க்கோட்டைக் கதவு பிளந்தது. அன்றிரவே பிரெஞ்சு வீரர்கள் மூன்று குன்றுகளிலும் ஏறினார்கள். பொழுது விடிந்தபோது எட்டு வருஷப் பூட்டு ஒரே இரவில் திறந்து கிடந்தது! மேலே நின்று தாங்கள் ஏறி வந்த செங்குத்தைப் பார்த்த வெற்றி வீரர்களே திகைத்துப் போனார்களாம்.

பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பூட்டைத் தமக்காக மறுபடி பூட்டினார்கள். பலன் என்ன? செஞ்சியின் காற்றும் தண்ணீரும் ஒவ்வாமல் சிப்பாய்கள் நோயில் மடிந்தார்கள். 1761 ஜனவரியில், சுமார் நாற்பது மைல் தூரத்தில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. இவ்வளவு பெரிய கோட்டையை வைத்துக்கொண்டு அதைக் காப்பாற்ற முடியவில்லை. ஏப்ரலில் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்திடம் செஞ்சியும் பணிந்தது.

கோட்டை ஒன்றுதான். அதே மதில், அதே அகழி. மராத்தியருக்கு அது எட்டு ஆண்டு மூச்சுவிட அவகாசம் கொடுத்தது. 1700-ல் ராஜாராம் இறந்த பிறகும் தாராபாய் போரைத் தொடர்ந்து நடத்தினாள். பிரெஞ்சுக்காரருக்கு அது டிக்கிக்குள் பூட்டிக் கிடந்த சக்கரமாகவே இருந்துவிட்டது. வித்தியாசம் கல்லில் இல்லை. உள்ளே இருப்பவன் வேண்டும்போது வெளியே வரமுடிந்ததா என்பதில்தான் இருக்கிறது.

2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற பன்னிரண்டு மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. ராஜகிரியின் உச்சிக்குப் போகிறவர்கள் ஆழமான ஒரு பிளவைப் பாலத்தின்மேல் கடக்க வேண்டும். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் பகைவன் மேலே வரமுடியாது. மேலே இருப்பவன் கீழே வரவும் முடியாது.