ஆச்சிக்கு எழுத்து தெரியாது, சங்கீதம் தெரியும்

போன மாசம் சென்னையில இருந்து என் மச்சான் குடும்பத்தோட வந்திருந்தார். முதல் நாள் பயணக் களைப்புல நல்லா தூங்கிட்டார். ரெண்டாம் நாள் விடியக்காலம் நாலரை மணிக்கு நான் வேதபுத்தகத்தை எடுத்துச் சத்தமா வாசிக்க ஆரம்பிச்சதும் திண்ணையில எழும்பி உட்கார்ந்துட்டார். ஜெபம் முடிஞ்சு காப்பி குடிக்கும்போது கேட்டார்:

"அத்தான், தினமும் இப்படித்தானா? வாசிச்சதையே திரும்பத் திரும்ப வாசிச்சு என்ன கிடைக்கு?"

கிண்டலா கேக்கல. தெரிஞ்சுக்கத்தான் கேட்டார். எனக்குச் சட்டுன்னு பதில் வரல. வாழைக்குத் தண்ணி கட்டணும்னு மம்பட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். ஆனா வாய்க்கால்ல நிக்கும்போதும் அந்தக் கேள்வி கூடவே நின்னுச்சு. இதுக்குப் பதில் கொஞ்சம் நீளம். முந்நூறு வருஷம் பின்னால போகணும்.

எங்க ஊர் நாசரேத்துக்குப் பக்கம். ஒரு பக்கம் தேரிக்காடும் பனையும், இன்னொரு பக்கம் கடம்பாகுளத்துப் பாசனம். பட்டணத்துல இருக்கிற உங்களுக்காகச் சொல்றேன், எங்க பக்கத்துல சர்ச்சைக் கோயில்னுதான் சொல்லுவோம். பாஸ்டரை ஐயர்னு சொல்லுவோம். பைபிள் எங்களுக்கு வேதம், இல்லைன்னா வேதபுத்தகம்.

இந்த விடியக்கால வாசிப்பை எனக்குப் பழக்கினது எங்க ஆச்சி. அவ பனையேறி வீட்டுப் பொண்ணு. சீசன்ல விடிலியில நின்னு பதனி காய்ச்சி, கருப்பட்டி ஊத்தினவ. கையெழுத்துப் போடத் தெரியாது, விரல் உருட்டுதான். ஆனா 23, 121, 126 மூணு சங்கீதமும் அவளுக்கு அட்சரம் பிசகாம மனப்பாடம். நான் மூணாம் வகுப்பு படிக்கும்போது என்னைத்தான் வாசிக்கச் சொல்லுவா. நான் ஒரு சொல்லை முழுங்கினா அடுப்படியில இருந்து சத்தம் வரும்: "ஏல, அங்க ஒரு சொல்லு இருக்கு. திரும்ப வாசி." எழுத்தே தெரியாதவ, எழுத்து தெரிஞ்ச என்னைத் திருத்துவா. அப்போ எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

அந்தச் சொல்லு அவ காதுக்கு எப்படி வந்து சேர்ந்துச்சு?

1706 ஜூலை மாசம் தரங்கம்பாடியில டென்மார்க் கப்பல்ல இருந்து ரெண்டு ஜெர்மன்காரங்க இறங்கினாங்க. அதுல ஒருத்தர் சீகன்பால்க். வயசு இன்னும் 24 ஆகல. உடம்பும் அவ்வளவு திடம் இல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோட தரையில உட்கார்ந்து, மணல்ல விரலால எழுதித்தான் தமிழ் படிச்சார். எங்க ஆச்சி மகன், அதாவது எங்க அப்பாவும் மணல்லதான் அ, ஆ எழுதிப் படிச்சாங்க. அதனால இந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அச்சு யந்திரம் வர்ற வரைக்கும் அவர் எழுதினதெல்லாம் பனையோலையிலதான் படியெடுத்தாங்க. எங்களுக்குச் சோறு போட்ட அதே பனைதான்.

டச்சுக்காரனோ, இங்கிலீஷ்காரனோ இல்ல, அவரை அனுப்பின டென்மார்க் ராஜாவோட கோட்டை அதிகாரியே அவரைப் பிடிச்சு நாலு மாசம் சிறையில வச்சிருந்தான். வெளிய வந்து வேலையைத் தொடர்ந்தார். 1711-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல முடிச்சார். ஜெர்மனியில வார்த்து அனுப்பின தமிழ் எழுத்து ரொம்பப் பெருசா இருந்துச்சு, காகிதம் தாங்காது. அதனால தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தாங்க. அதுக்கு ஈயம் பத்தாம, இங்கிலாந்துல இருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளோட ஈயத் தகட்டை உருக்கினதாச் சொல்லுவாங்க. கையில இருக்கிறத வச்சுச் சமாளிக்கிறது விவசாயிக்கு மட்டும் உள்ள குணம் இல்ல போலிருக்கு. 1715-ல் புதிய ஏற்பாடு முழுசும் அச்சாகி வந்துச்சு.

அதுக்கப்புறம் பழைய ஏற்பாட்டைத் தொடங்கினார். 1719-ல் இறந்துட்டார். வயசு 36. ரூத் புஸ்தகம் வரைக்கும்தான் முடிக்க முடிஞ்சது.

இந்த இடத்துல நான் எப்பவும் கொஞ்சம் நிப்பேன். ரூத் கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். பெத்லகேம்ல பஞ்சம். நகோமின்னு ஒரு அம்மா புருஷன், ரெண்டு மகன்களோட பிழைக்க வேற தேசம் போறா. அங்க மூணு ஆம்பளைகளும் செத்துப் போறாங்க. வெறுங்கையோட ஊர் திரும்புறா. மருமக ரூத்து மட்டும் விடமாட்டேன்னு கூடவே வர்றா. வந்த நேரம் வாற்கோதுமை அறுப்பு. அறுக்கிறவங்க பின்னால போய் ரூத்து சிந்தின கதிரைப் பொறுக்கி மாமியாருக்குச் சோறு போடுறா.

எங்க ஆச்சியும் சின்ன வயசுல பனை சீசன் இல்லாத மாசங்கள்ல ஆத்தங்கரை வயல்களுக்கு அறுப்புக்குப் போயிருக்கா. அறுத்து முடிஞ்ச வயல்ல சிந்தின கதிரைப் பொறுக்கி மடியில கட்டிக்கிட்டு வருவாளாம். ரூத்து கதை வாசிச்சா அவ கையில இருக்கிற வேலையை வச்சுட்டு வந்து உட்கார்ந்துடுவா. அவளுக்கு அது தூர தேசத்துக் கதையே இல்ல.

சீகன்பால்க் விட்ட இடத்துல இருந்து சூல்ட்சேன்னு ஒருத்தர் எடுத்து 1728-ல் பழைய ஏற்பாட்டை முடிச்சார். ஆனா அந்தத் தமிழ் வாய்க்கு வழங்கல. அதைச் சீர் பண்ணினவர் பப்ரிசியஸ். 1742-ல் மெட்ராஸ் வந்து வேப்பேரியில இருந்தார். 1761-ல் பாண்டிச்சேரி இங்கிலீஷ்காரன் கையில விழுந்தப்போ அங்கிருந்து எடுத்து வந்த அச்சு யந்திரம் அவர் கைக்கு வந்துச்சு. அகராதி போட்டார். ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கினார், இன்னைக்கும் கோயில்ல ஞானப்பாட்டுன்னு பாடுறோம். 1772-ல் அவர் திருத்தின புதிய ஏற்பாடு வந்துச்சு. பழைய ஏற்பாடு 1777-ல் இருந்து கொஞ்சம் கொஞ்சமா அச்சாச்சு.

ஆனா பணக் கணக்குல அந்த மனுஷன் ஏமாந்துட்டார். மிஷன் பணத்தையும் மத்தவங்க நம்பிக் கொடுத்த பணத்தையும் வட்டிக்குக் கொடுத்து, அது திரும்பி வராம, வயசான காலத்துல கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1791-ல் இறந்தார். பழைய ஏற்பாடு முழுசும் வெளிய வந்தது 1796-ல்.

நான் இதை ஒரு பழைய சபை சரித்திரப் புஸ்தகத்துல முதல் முதலா வாசிச்சப்போ கூட்டுறவு சங்கத்துல எனக்கே பாக்கி இருந்துச்சு. புஸ்தகத்தை மூடிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நான் தினமும் விரலால தொட்டு வாசிக்கிற சொல்லுக்குப் பின்னால கடன்காரன் ஒருத்தன் இருக்கான். ஒருத்தர் பாதியில செத்தார், ஒருத்தர் ஜெயிலுக்குப் போனார். வெற்றி பெற்றவங்க கொடுத்த புஸ்தகம் இல்ல இது.

அப்புறம் நாங்க இப்ப வாசிக்கிற வேதம். பவர் ஐயர் தலைமையில ஒரு குழு உட்கார்ந்து திருத்தி, 1871-ல் முழுசா வந்த மொழிபெயர்ப்பு. சமஸ்கிருதச் சொல்லு ஜாஸ்திதான். இது என்ன தமிழ்னு பட்டணத்துப் பிள்ளைக சிரிக்கும். ஆனா அதுக்குள்ளேயே 121-ம் சங்கீதத்துல "ஒத்தாசை"ன்னு ஒரு சொல்லு இருக்கு. நடவுக்கு ஆள் பத்தலைன்னா பக்கத்து வீட்டுக்காரன்ட்ட நாங்க கேக்கிறது அந்தச் சொல்லைத்தான். ஆச்சிக்கு அந்தச் சங்கீதம் பிடிச்சதுக்கு அதுதான் காரணமோன்னு எனக்கு ஒரு நினைப்பு.

இதெல்லாம் அச்சடிச்ச கதை. எங்க பனங்காட்டுக்கு வந்தது வேற கதை. சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர் ஒருத்தர், பேரு தாவீது சுந்தரானந்தம், தஞ்சாவூர் போய் வேதம் படிச்சுட்டு ஊருக்கு வந்து சொந்தக்காரங்களுக்குச் சொன்னார். சேர்ந்தவங்களுக்கு அடியும் உதையும். ஊருக்குள்ள இருக்க முடியல. 1799-ல் தனியா நிலம் வாங்கிக் குடியேறினாங்க. அதான் முதலூர். உங்கள்ல பாதிப் பேருக்கு மஸ்கோத் அல்வாவால அந்தப் பேரு தெரிஞ்சிருக்கும். அல்வாவுக்கு முந்தியே அந்த ஊருக்கு ஒரு சரித்திரம் இருக்கு.

1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் காலத்துல ஊர் ஊரா உபதேசியார்களை வச்சாங்க. ஒரு ஓலைக் கொட்டகை. பகல்ல அது பள்ளிக்கூடம், காலையிலயும் சாயங்காலமும் ஜெபவீடு. மணி அடிச்சா ஊர் கூடும். பனையேறிக்கு விடியுமுன்னே மரத்துல இருக்கணும், ரெண்டு வேளையும் முப்பது நாப்பது மரம் ஏறி இறங்கணும். அவனுக்குப் புஸ்தகத்தைப் பார்க்க நேரமும் இல்ல, படிப்பும் இல்ல. அதனால உபதேசியார் ஒரு வசனத்தைச் சொல்ல, சனங்க திருப்பிச் சொல்லும். திரும்பத் திரும்ப. மச்சான் கேட்டாரே, அதே "திரும்பத் திரும்ப"தான். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் மரத்து உச்சியில பாளை சீவும்போதும் அது வாயில வந்துச்சு. ஆச்சியோட அம்மா அப்படிக் கேட்டுப் படிச்சா, அவகிட்ட இருந்து ஆச்சி படிச்சா.

வந்த வெள்ளைக்கார ஐயர்மார் எல்லாத்தையும் சரியாப் பார்த்தாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். 1841-ல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் ஐயர் பெரிய மனுஷர், தமிழுக்கு ஒப்பிலக்கணம் எழுதினவர். ஆனா 1849-ல் எங்க சனங்களைப் பத்தி ஒரு புஸ்தகம் போட்டார். அதுல எழுதினது எங்க பெரியவங்களுக்கு ரொம்ப வலிச்சது, எதிர்த்தே எழுதினாங்க. எங்களைப் பத்தி அவர் எழுதினதை ஏத்துக்கல, அவர் கொண்டு வந்து கொடுத்ததை விடவும் இல்ல. எங்க முன்னோருக்கு அந்த விவரம் இருந்துச்சு.

இன்னொண்ணு பிடியரிசி. உலை வைக்க அரிசி அளந்ததும் அதுல இருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில போடுறது. சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொடுப்பாங்க. பஞ்சத்துலயும் ஆச்சி அதை நிறுத்தல, பிடி மட்டும் சின்னதாகும்னு அம்மா சொல்லுவாங்க.

இனி என் கதைக்கு வர்றேன். 2023 டிசம்பர் 17, 18 மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். எனக்கு ஒண்ணரை ஏக்கர் ஏத்தன் வாழை, பாதிக்கு மேல குலை தள்ளியிருந்துச்சு. ஆத்துத் தண்ணியும் குளத்துத் தண்ணியும் சேர்ந்து வந்து நாலு நாள் நின்னுச்சு. தண்ணி வடிஞ்சப்போ சாஞ்ச மரத்தைவிட நின்ன மரத்தைப் பார்க்கத்தான் கஷ்டமா இருந்துச்சு. நிக்கும், ஆனா கிழங்கு அழுகியிருக்கும். வீட்டுக்காரி நகை பேங்க்ல. வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. டிரங்குப் பெட்டியில இருந்த ஆச்சி வேதபுத்தகம் ஊறிப்போய், காய வச்சும் சங்கீதப் பக்கம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பாளமா ஆயிட்டு.

உண்மையைச் சொல்றேன், ஒரு மாசத்துக்கு மேல நான் ஜெபம் பண்ணல. மலையைப் பார்த்து ஒத்தாசை வரும்னு எத்தனை வருஷம் வாசிச்சிருப்பேன்! அந்த டிசம்பர்ல மேற்கே மலையில இருந்து எனக்கு வந்தது வெள்ளம்தான். வீட்டுக்காரி மட்டும் நாலரைக்கு எழும்பி அவ பாட்டுக்கு இருட்டுல ஜெபிச்சுட்டு அடுப்பு பத்த வைப்பா. என்னை ஒரு வார்த்தை கூப்பிடல.

தை மாசக் கடைசியில ஒரு நாள் அழுகின கட்டையைத் தோண்டி வரப்புல போட்டுக்கிட்டு இருந்தேன். தனியா. மம்பட்டி போடுற தாளத்துக்கு என் வாய் ஏதோ முனங்குது. என்னன்னு கவனிச்சா 126-ம் சங்கீதம், அழுகையோட விதைக்கப் போற விவசாயி சங்கீதம். நான் நினைச்சுச் சொல்லல, அதுவா வருது. ஒரு இடத்துல ஒரு சொல்லை விட்டுட்டேன். ஆச்சி செத்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, அடுப்படிச் சத்தம் காதுல கேட்டுச்சு. நின்னு, திரும்ப முதல்ல இருந்து சொன்னேன். அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் தோண்டினேன். அதுக்கு முந்தின நாள் வரைக்கும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டுத் திருப்பூர் போயிடலாம்னு நினைச்சுக்கிட்டு இருந்தவன் நான்.

வெள்ளத்துல தப்பின கொல்லைக்காரர் ஒருத்தர் கடனா கன்னு கொடுத்தார். அந்த வருஷமே நட்டோம். நகை இன்னும் முழுசா மீளல, ஒரு வளையல் பாக்கி இருக்கு. ஆச்சி புஸ்தகத்தை அப்படியே துணியில சுத்தி வச்சிருக்கேன். வாசிக்கிறது இப்போ புதுசு, எழுத்து பெருசா இருக்கும், கண்ணாடி இல்லாமலே தெரியும்.

மச்சான் ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு நான் எழுப்பாமலே எழும்பி வந்து திண்ணையில உட்கார்ந்தார். அவர் மகன், அஞ்சாம் வகுப்பு, பக்கத்துல. அவன்கிட்ட வாசிக்கக் கொடுத்தேன். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வருது. நடுவுல ஒரு சொல்லை முழுங்கினான். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அடுப்படியில இருந்து என் வீட்டுக்காரி, "ஏல, அங்க ஒரு சொல்லு இருக்குல்லா?" அப்படின்னா.

நாளைக்கு எங்களுக்குத் தண்ணி முறை. மூணு மணிக்கே மடைக்குப் போகணும்.