மணலை நிறுத்தச் சொன்ன புல்

முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவில் கடற்கரைப் புல் ஒன்றை வேரோடு பிடுங்குவது குற்றமாக்கப்பட்டது. 1695-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றமும் அதே புல்லைப் பிடுங்கத் தடை விதித்தது. ஐரோப்பாவின் மேற்குக் கரைகளிலும் மத்தியதரைக் கடலோரங்களிலும் தானாக வளரும் மாரம் புல்தான் அது. நம் கரைகளில் இராவணன் மீசைப் புல்லுக்கு என்ன வேலையோ, அந்தக் கரைகளில் அதற்கு அதே வேலை: பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குவது. சூழல் பாதுகாப்பு என்ற பேச்சே எழாத காலத்தில் ஒரு காட்டுப்புல்லுக்குச் சட்டக் காவல் கிடைத்ததை முன்னோரின் தொலைநோக்கு என்று மெச்சுவது வழக்கம். ஆனால் அதற்குப் பிந்தைய வரலாற்றைச் சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. அரசுகள் காக்க விரும்பியது புல்லை அல்ல, அசையாத மணலை. மணல் அசையாமல் நின்றால்தான் கரை பத்திரம் என்ற எண்ணம் இந்தப் புல்லின் இயல்புக்கே பொருந்தாதது; அதற்கான விலையை மூன்று கண்டங்கள் கொடுத்திருக்கின்றன.

முதலில் புல்லைப் பார்த்துவிடுவோம். மாரத்தின் இலை வறண்ட காற்றில் உள்நோக்கிச் சுருண்டு குழல்போல் ஆகிவிடும். சுவாசத் துளைகள் உட்புறப் பள்ளங்களில், மெல்லிய மயிர்களுக்கிடையே ஒளிந்திருப்பதால் ஈரம் எளிதில் வெளியேறாது. மேலே மணல் விழுந்து மூடினால் மற்றச் செடிகள் மடியும்; மாரம் மணலைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து புதிய மட்டத்தில் வேர்விடும். ஆண்டுக்கு ஒரு மீட்டர் வரை மூடினாலும் தாக்குப்பிடிக்கும். வியப்பு என்னவென்றால், மணல் வரத்து நின்றுபோன இடத்தில் அது நலிந்துவிடுகிறது. பழைய மண்ணில் பெருகும் நூற்புழுக்களும் பூஞ்சைகளும் அதன் வேரைத் தாக்குவதே ஒரு முக்கியக் காரணம் என்று நெதர்லாந்து ஆய்வாளர் விம் வான் டெர் புட்டனும் அவருடைய குழுவினரும் 1990-களில் காட்டினார்கள். புதிதாக வந்து விழும் மணலில் அந்தக் கிருமிகள் குறைவு. ஆக, மணலைப் பிடிக்கும் இந்தப் புல்லுக்கு ஓயாமல் வந்துகொண்டிருக்கும் மணல்தான் உயிர்.

ஆங்கில்சியின் நியூபரோ ஊர், இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் தன் பியூமாரிஸ் கோட்டைக்காக வெளியேற்றிய மக்களைக் குடியேற்றிய இடம். 1330 டிசம்பரில் வீசிய புயல் அங்கே சுமார் 186 ஏக்கர் நிலத்தை மணலால் மூடியது. வேல்ஸ் இளவரசர்களின் ரோசிர் அரசவை வளாகமும் மணலுக்கடியில் போய், 1990-களில்தான் அகழ்ந்து எடுக்கப்பட்டது. நிலம் போன மக்கள் மணலில் விளைந்ததைப் பிடித்துக்கொண்டார்கள். மாரத்தைக் கோடையின் இறுதியில் அறுத்துக் கட்டுகளாக உலரவைத்து, பட்டையாகப் பின்னி, பட்டைகளை ஒன்றோடொன்று தைத்துப் பாய் செய்தார்கள். வைக்கோல் போரை மூடும் பாய், கயிறு, துடைப்பம் எல்லாம் அதிலிருந்து வந்தன. வேலையில் பெரும்பகுதி பெண்களுடையது. கடைக்காரரிடம் பாயைக் கொடுத்து மளிகை வாங்கிய இவர்களுக்கு நியாய விலை கிடைக்க 1913-இல் பாய் முடைவோர் சங்கமும் அமைந்தது. எலிசபெத் காலத் தடைக்குப் பிறகும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழில் நடந்தது. அந்த மணல்மேடும் அழியவில்லை. புல்லை அறுப்பதும் வேரோடு பிடுங்குவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நீண்ட சோதனை தேவையில்லை.

இதற்கு எதிராகக் குல்பினைக் காட்டுவார்கள். ஸ்காட்லாந்தின் மோரே வளைகுடாக் கரையில் இருந்த அந்தப் பண்ணை 1694 இலையுதிர்காலப் புயலில் மணலுக்குள் புதைந்தது. உரிமையாளர் அலெக்சாண்டர் கின்னேர்ட் வரிச்சலுகை கேட்டு நாடாளுமன்றத்தை நாடினார். கூரை வேயக் குடியானவர்கள் புல்லைப் பிடுங்கியதே கேட்டுக்குக் காரணம் என்று கருதி அடுத்த ஆண்டு வந்ததுதான் மேலே சொன்ன தடை. பிடுங்குவதால் மேடு குலையும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் குற்றம் முழுவதையும் கூரை வேய்ந்தவர் தலையில் சுமத்துவது சரியா? ஒரே இரவில் எல்லாம் புதைந்தது என்ற கதையை 1930-களில் ஆராய்ந்த புவியியலாளர் ஜே.ஏ. ஸ்டீர்ஸ், அது நெடுங்காலமாக நடந்துவந்த மணல் ஏற்றத்தின் உச்சம் என்றே மதிப்பிட்டார். கடலும் காற்றும் நூற்றாண்டுகளாகச் செய்ததற்கு ஏழையின் கையைக் காரணமாக்குவது சட்டத்துக்கு வசதியாக இருந்தது. தடையாலும் குல்பின் மீளவில்லை. இருபதாம் நூற்றாண்டில் வனத்துறை சுள்ளிகளைப் பரப்பிப் பைன் நட்ட பிறகே அந்த மணல் அடங்கியது.

மணலை அசையாமல் நிறுத்த வேண்டும் என்ற இதே எண்ணம் கப்பலேறிப் போனபோது கேடு பெருகியது. 1869 வாக்கில் மாரம் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய், கோல்டன் கேட் பூங்கா அமைந்த மணலை அடக்க உதவியது. பிறகு அமெரிக்க மேற்குக் கரை நெடுக அது நடப்பட்டது. ஒரிகன் மாநிலத்தில் ஃபிளாரன்ஸ் அருகே வேளாண்துறை செய்த மணல்தடுப்பு வேலையைப் பார்த்துக் கட்டுரை எழுத 1957-இல் எழுத்தாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட் போனார். கட்டுரை வெளிவரவில்லை, அந்தச் சிந்தனை 1965-இல் ‘ட்யூன்’ நாவலாயிற்று. ஒரிகன் கரையிலோ மாரம் கடலுக்கு இணையாக உயரமான மணல்சுவர் எழுப்பி உள்பக்கம் போகும் மணலை மறித்தது. திறந்த மணல்வெளி புதராகிக் காடானது. வெறும் மணலில் முட்டையிடும் ஸ்னோயி உப்புக்கொத்தி இடமிழந்து 1993-இல் அழியும் ஆபத்திலுள்ள பறவைகளின் பட்டியலில் சேர்ந்தது. நியூசிலாந்தில் 1903-இல் மணல் நகர்வுக்கென்றே சட்டம் வந்தது. அரசு அங்கும் மாரத்தைப் பரவலாக நட்டது. அந்நாட்டு மேடுகளில் இயல்பாக வளர்ந்த பிங்காவ் கோரையை அது நெருக்கித் தள்ளியது. காய்ந்தால் பொன்னிறமாகும் பிங்காவ் இலையைத்தான் மவோரி மக்கள் தங்கள் சபை மண்டபங்களின் சுவர்த்தட்டிகளில் பின்னுகிறார்கள். ஆங்கில்சியில் முடைவோரைப் புல்லுக்குப் பகை என்றது சட்டம். நியூசிலாந்தில் அதே புல் முடைவோருக்குப் பகையானது.

புல் இல்லாவிட்டால் ஊர்கள் மூழ்காதா என்ற கேள்வி நியாயமானது. கடல்மட்டத்துக்குக் கீழே மக்கள் வாழும் நெதர்லாந்தில் முன்வரிசை மேடுகளில் நூற்றாண்டுகளாக மாரம் நடுகிறார்கள், அது தேவையும்கூட. ஆனால் அந்த டச்சுக்காரர்களே ஹார்லெம் அருகிலுள்ள தேசியப் பூங்காவில், பின்னால் அகன்ற மேட்டுப்பரப்பு இருக்கும் இடமாகப் பார்த்து, முன்வரிசை மேட்டை வெட்டி மணல் உள்ளே பறக்க வழிவிட்டிருக்கிறார்கள். மணல் போய்ச் சேர்ந்தால் பின்னிலமும் உயரும், அங்குள்ள உயிர்களும் பிழைக்கும் என்பது கணக்கு. மாரத்தை எங்கே நடுவது, எங்கே விடுவது என்பது இடத்தைப் பொறுத்தது. எல்லாக் கரைக்கும் ஒரே மருந்து என்றதுதான் பிழை. வேல்ஸில் 2018-இல் தொடங்கிய மணல்மேட்டு மீட்புத் திட்டத்தில், நியூபரோ உட்படப் பல இடங்களில் தடித்துப்போன புல்தரையைச் சுரண்டி எடுத்து, வெறும் மணலை வெளிக்கொணர்ந்தார்கள்.

இந்த வரலாறு நமக்கும் பொருந்தும். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் சில இடங்களில், இயற்கையாக நின்ற மணல்மேட்டைக் கலைத்துச் சமன்செய்து, பாதுகாப்பு என்ற பெயரில் சவுக்கு நட்டார்கள். அங்கே இராவணன் மீசையும் அடம்புக்கொடியும் செலவில்லாமல் கட்டிவைத்திருந்த அரண் அது. இனியாவது கரையில் எதையும் நடுவதற்கு முன், அங்கே ஏற்கெனவே வளர்வது எது, மணல் எங்கிருந்து எங்கே போகிறது என்று வனத்துறை அந்த ஊர் மீனவர்களிடம் கேட்கட்டும்.