தனுஷ்கோடியில் எஞ்சியவர்கள்

கொங்கு மண்ணில் வாழும் நமக்குக் கடல், சந்தையில் வாங்கும் கருவாட்டின் வழியாகவே பழக்கம். ஆயினும் ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மதுக்கரையின் மீது வீசும் காற்றும், தனுஷ்கோடி மீனவர் ‘கச்சான்’ என்றழைக்கும் காற்றும் ஒரே தென்மேற்குப் பருவத்தின் பிள்ளைகள்.

அக்காற்றே அவர்களின் நாட்காட்டி. இராமேசுவரம் தீவின் கிழக்கு நுனியில் நீண்டு கிடக்கும் அம்மணல் திட்டுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடகடலைப் பெண் கடல் என்பர்; சீறும் தென்கடலை ஆண் கடல் என்பர். கச்சான் அடிக்கும் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும். வலைகள் வடகரைக்கு மாறும். வாடை வீசத் தொடங்கியதும் மீண்டும் தெற்கே. ஒரு கடல் பகைத்தால் மறுகடல் சோறிடும்! உப்புக்கடல் இருபுறமும் சூழ்ந்திருக்க, மணலைச் சிறிதளவு தோண்டினாலே அங்குக் குடிநீர் ஊறுவதையும் இங்குச் சொல்லியாக வேண்டும்.

1914இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டதும், இக்குடிசைகளின் அருகே வேறொரு தனுஷ்கோடி எழுந்தது. சென்னையிலிருந்து வரும் ‘போட் மெயில்’ பயணிகள் இங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து மறு இரயிலில் கொழும்பு சென்றனர். இரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், கோவில், தேவாலயம் என ஊர் வளர்ந்தது. அலுவலர்களும் வணிகர்களும் சுமைதூக்குவோரும் கப்பலை நம்பி வாழ்ந்தனர்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வந்த புயல் இவ்வனைத்தையும் வாரிச் சென்றது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயிலை, நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு அலை விழுங்கியது. சேதமுற்ற பாம்பன் பாலம் இரண்டே மாதங்களுக்குள் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடிக்கான தண்டவாளமோ மீண்டும் போடப்படவேயில்லை. ஊர் வாழத் தகாததென அரசு அறிவித்தது. கப்பல் சேவை இராமேசுவரத்துக்கு மாறி, 1980களில் இலங்கைப் போரினால் அதுவும் நின்றது.

இரயிலை நம்பியவர்கள் திரும்பவில்லை; திரும்பி என்ன செய்வது? மீனவர் திரும்பினர். அவர்களுடைய முதலாகிய காற்றும் இரு கடல்களும் அங்கேயே இருந்தன. ஓலைக் குடிசைகளை மீண்டும் கட்டினர்; கரைவலையை இழுத்தனர். ஆனால் புயலினும் நெடிய துன்பம் ஒப்பந்தங்களாக வந்தது. 1974இல் கச்சத்தீவு இலங்கைக்குச் சென்றது. 1976இல் கடல் எல்லை இறுகியது. அத்தீவின் புனித அந்தோனியார் திருவிழாவுக்கு இருநாட்டவரும் கூடி வரலாம். மீனைத் துரத்தி எல்லை கடந்தவர்களுக்கோ சிறையும், சிலருக்குச் சாவும் நேர்ந்தன.

கூரையிழந்த தேவாலயத்தின் சுவர்கள் பவளப்பாறைக் கற்களால் ஆனவை. (சுண்ணாம்புக்கல் வெட்டும் மதுக்கரையார்க்கு அதன் இயல்பு புதிதன்று.) 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டபின் அச்சுவர்களைக் காணக் கூட்டம் வருகிறது. வாழத் தகாதென்ற இடத்தில் வாழும் மீனவக் குடும்பங்கள், வருவோர்க்கு மீன் வறுத்துக் கொடுத்தும் சிப்பி மாலை விற்றும் வலை வருவாயின் குறையைச் சற்றே ஈடுசெய்கின்றன.