அம்மா ஒரு வாசல், மகள் ஒரு வாசல்

போன மாதம் பையனின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஒன்பதாம் வகுப்பு. "நீங்க வர வேண்டாம்பா, அம்மா மட்டும் வரட்டும்" என்றான். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அப்புறம் தங்கமணி மூலமாகத்தான் தெரிந்தது. காரணம் என் ஹிந்தி. பதினோரு வருஷம் மும்பையில் குப்பை கொட்டியும் நான் ஆட்டோக்காரரிடம் பேசுவது அவன் நண்பர்களுக்கு நல்ல தமாஷாம். அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் எதிர் ஃபிளாட் மாமி கதவைத் திறந்து பார்த்தார். அதன் பிறகு மூன்று வாரம் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு கிடையாது. சாம்பாருக்கு உப்பு வேண்டுமென்றால்கூட தங்கமணி வழியாகத்தான்.

அந்த மூன்று வாரத்தில் படித்ததுதான் இந்தப் பதிவு. பி.காம்.காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். வீட்டில் பேச ஆளில்லை :-)

வளர்ந்த பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் குடும்பங்களுக்கு அவர்கள் பேட்டையிலேயே உதவி கிடைக்கச் செய்யும் ஏற்பாட்டைத் தேடிப் போனால், சிகாகோவில் வந்து நிற்கிறது. 1889-ல் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய பங்களாவில் குடியேறி ஹல் ஹவுஸைத் தொடங்கினார்கள். சுற்றிலும் இத்தாலி, கிரீஸ், ரஷ்யா, போஹீமியா என்று பிழைக்க வந்த ஜனம். பெற்றோருக்கு இங்கிலீஷ் வராது, பிள்ளைகளுக்கு வரும். கடையில், ஆஸ்பத்திரியில், ஆபீஸில் எல்லாம் பிள்ளைதான் துபாஷி. துபாஷியை அப்பா எப்படி அதட்டுவது? போதாக்குறைக்கு, பதினாலு வயதில் வேலைக்குப் போகும் பிள்ளை சம்பளக் கவரைப் பிரிக்காமல் வீட்டில் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். டான்ஸ் ஹாலோ அடுத்த தெருவில். சண்டை வராமல் என்ன செய்யும்?

சண்டை முற்றி வீட்டைவிட்டு ஓடிப்போய் எதையாவது திருடிய பிள்ளை, அதுவரை பெரியவர்களின் கோர்ட்டில்தான் நிற்க வேண்டும். 1899-ல் சிகாகோவில் சிறுவர்களுக்கென்று தனி நீதிமன்றம் வந்தது. அமெரிக்காவில் அதுதான் முதல். அதற்குப் பாடுபட்டவர்களில் ஹல் ஹவுஸ் பெண்களும் உண்டு. அதன் முதல் நன்னடத்தை அதிகாரி அல்சினா ஸ்டீவன்ஸ் அந்த வீட்டில் குடியிருந்தவர். பிள்ளையை உள்ளே தள்ளாமல் வீட்டிலேயே விட்டு, அங்கே போய்ப் பார்த்து வருவதுதான் அந்த உத்தியோகம். 1909-ல் வில்லியம் ஹீலி என்ற டாக்டர், 'என்ன செய்தான்' என்பதை விட்டு 'ஏன் செய்தான்' என்று பார்க்க ஒரு நிலையம் தொடங்கினார்.

ஆனால் என்னை நிறுத்தியது கோர்ட் கதை அல்ல. 1900-ல் ஹல் ஹவுஸில் தொழில் அருங்காட்சியகம் என்று ஒன்று வைத்தார்கள். பழைய சாமான்களைக் கண்ணாடிப் பெட்டியில் அடைப்பதில்லை. ஊரிலிருந்து வந்த பாட்டிமாரும் அம்மாமாரும் அங்கே உட்கார்ந்து நூற்பார்கள், நெய்வார்கள். ஊரில் கற்ற கைவேலையைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்பதுதான் எண்ணம். ஏஞ்சலினா என்ற இத்தாலியப் பெண் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே சமையல் வகுப்புக்கு வருவாள். கூடவே அம்மாவும் நூற்க வருவாள். ஆனால் மகள் நுழைவது வேறு வாசலில். அம்மாவின் தலைத்துணியும் முரட்டு பூட்ஸும் அவ்வளவு கூச்சம். ஒரு நாள் கல்வித்துறைக்காரர்கள் அம்மாவைச் சுற்றி நின்று கதிர் சுழற்றுவதை வியந்ததைப் பார்த்தாள். அப்புறம் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த ஊர்த் துணிகள் வெளியே வந்தன. அதன்பின் இருவருக்கும் ஒரே வாசல். ஜேன் ஆடம்ஸ் 1910-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு ஒரு இரவு ஆயிற்று.

சிகாகோவில் படித்த கிளிஃபோர்ட் மேன்ஷார்ட் 1925-ல் பம்பாய் வந்தார். நாக்பாடாவில் ஹல் ஹவுஸ் மாதிரியே ஒரு பேட்டை இல்லம் அமைத்தார். (ஆடிட்டுக்கு எத்தனையோ தடவை நாக்பாடா வழியாகப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட இது தெரியாது.) 1936-ல் அங்கேதான் டாடா அறக்கட்டளையின் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது, அவரே முதல் இயக்குநர். இன்று செம்பூர்க்காரர்களுக்குத் தெரிந்த, தேவ்னாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் கழகம் அதுதான். அடுத்த இயக்குநர் ஜே.எம். குமரப்பா, நம் தஞ்சாவூர் ஜே.சி. குமரப்பாவின் சகோதரர். அந்தப் பள்ளி 1937-ல் தொடங்கிய குழந்தை வழிகாட்டு மையம்தான் இந்தியாவின் முதல். இப்படிப்பட்ட மையங்களில் டாக்டர், உளவியலாளர், வீட்டுக்கு வந்து பெற்றோரோடு பேசும் சமூகப் பணியாளர் என்று மூன்று பேர் சேர்ந்து வேலை செய்வார்கள். மூன்றாவது ஆள்தான் ஹல் ஹவுஸின் வாரிசு. 1996-ல் ஜெரூ பில்லிமோரியா 1098 என்ற சைல்ட்லைனைத் தொடங்கியதும் இந்தக் கழகத்தில் இருந்துதான்.

ஹல் ஹவுஸ் சங்கம் 2012 ஜனவரியில் பணமில்லாமல் மூடப்பட்டது. வரவின் பெரும்பகுதி அரசு ஒப்பந்தப் பணம். பேங்க்காரனுக்கு அந்த பாலன்ஸ் ஷீட்டைப் பார்க்காமலே முடிவு தெரியும். பங்களா மட்டும் மியூசியமாக நிற்கிறது.

இங்கே பெரிய நகரங்களில் ஆலோசகர்கள் உண்டு. ஆனால் அப்பாய்ண்ட்மெண்ட், ஃபீஸ், அப்புறம் மொழி. பதினாலு வயதுப் பையனைப் பற்றிய வருத்தத்தை இன்னொரு பாஷையில் சொல்லிப் பாருங்கள், பாதிதான் வரும். 2022 அக்டோபரில் வந்த டெலி-மனஸ் என்ற இலவச எண் 14416-ல் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எனக்குக் கதிர் சுற்றத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிளையில் கை லெட்ஜர் இருந்தது, ஐந்து இலக்கத்தில் நாற்பது வரியை மேலிருந்து கீழாகக் கண்ணாலேயே கூட்டுவேன். போன ஞாயிறு தங்கமணியின் சீட்டுக் கணக்கை அப்படிக் கூட்டிக்கொண்டிருந்தேன். பையன் பின்னால் வந்து நின்று மொபைலில் சரிபார்த்தான். ஒரு ரூபாய் வித்தியாசமில்லை.

"இன்னொரு பக்கம் பண்ணுங்க" என்றான்.