நேரிய துலாக்கோல்

ஹிஜ்ரீ 10-ஆம் ஆண்டு (கி.பி. 632) மதீனத்துத் திருநகரில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. நபிகள் பெருமானார் (ஸல்) அவர்களின் இளஞ்செல்வர் இப்ராஹீம் மறைந்ததும் அந்நாளிலேயே. அச்சிறு மகவின் பிரிவுக்காகவே கதிரவன் இருண்டதென மக்கள் பேசத் தலைப்பட்டனர். பெருமானார் (ஸல்) அவர்கள் மௌனமாக இருந்திருப்பின், அப்பேச்சு நபித்துவத்திற்கொரு சான்றாக நாடெங்கும் பரவியிருக்கும். அவர்களோ, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் இரண்டு. எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றைக் கிரகணம் பிடிப்பதில்லை என அறிவித்து, மக்களைத் தொழுகைக்கு அழைத்தார்கள். பொய்ச் சான்றின்மீது ஈமானை எழுப்ப அவர்கள் ஒருப்படவில்லை. (கிரகண நேரத்தில் கருவுற்ற பெண்ணைக் கத்தி எடுக்கவிடாத பாட்டிமார் நம் இல்லங்களிலும் இருந்ததுண்டு. இந்த ஹதீஸை அவர்களுக்கு எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை போலும்!)

இந்நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 460 ஆண்டுகளுக்குப் பின், பக்தாதின் நிஸாமிய்யாவில் ஆசிரியராய் வீற்றிருந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தத்துவவாதிகளை மறுத்து ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ என்னும் நூலை 1095-இல் எழுதி முடித்தார்கள். மறுப்பு நூலாயிற்றே, எதிராளி சொன்னதையெல்லாம் மறுத்திருப்பார்கள் என நாம் எண்ணக்கூடும். ஆனால் முன்னுரையிலேயே ஓர் எல்லைக்கோடு கிழிக்கிறார்கள். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே பூமி வருவதால் சந்திர கிரகணம் உண்டாகிறது என்பது கணிதத்தால் ஐயமற நிறுவப்பட்டது. அதை மறுப்பது மார்க்கத்திற்குச் செய்யும் தொண்டென நினைப்பவன் மார்க்கத்திற்கே தீங்கிழைக்கிறான் என்கிறார்கள். காரணத்தையும் கூறுகிறார்கள்: அக்கணிதத்தைக் கற்றறிந்தவனிடம், ‘இது தீனுக்கு முரண்’ என்று சொன்னால், அவன் கணிதத்தின்மீது ஐயங்கொள்ள மாட்டான், தீனின்மீதே ஐயங்கொள்வான். பள்ளிக்கூடத்திலிருந்து பாடநூலோடு திரும்பும் நம் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தால், இவ்வெச்சரிக்கை நேற்று எழுதியதுபோல் தோன்றுகிறது.

‘அல்லாஹ் ஒரு பொருளுக்குத் தன்னை வெளிப்படுத்தினால் அது அவனுக்குப் பணிகிறது’ என்றொரு தொடர் அந்த ஹதீஸின் சில அறிவிப்புகளில் காணப்படுகிறதே என்று கேட்போருக்கும் இமாமவர்கள் விடை பகர்கிறார்கள். அச்சேர்க்கையின் அறிவிப்பு உறுதியானதன்று. உறுதியானதென்றே கொண்டாலும், ஐயத்திற்கிடமில்லாத உண்மையை மறுப்பதைக் காட்டிலும் அதற்குத் தக்க விளக்கம் காண்பது எளிது என்பது அவர்கள் முடிவு. அத்தொடர் நஸாயீ முதலிய தொகுப்புகளில் இருப்பதைக் காட்டிப் பின்வந்த ஹதீஸ் கலை அறிஞர் சிலர் இதை ஏற்க மறுத்தனர். அம்மறுப்பு வலுவுள்ளதே. எனினும் இமாமவர்கள் இரண்டு வினாக்களைக் கலவாமல் கேட்ட முறைதான் நம் கருத்தைக் கவர்கிறது. சொன்னது உண்மையில் சொல்லப்பட்டதா என்பதற்கு ஸனதே சான்று. சொன்னதன் பொருள் யாது என்பதற்கு அறிவும் துணை வேண்டும்.

பிற்காலத்தில் எழுதிய ‘அல்முன்கித்’ நூலில் இதையே வேறொரு கோணத்திலிருந்து நோக்குகிறார்கள். மூன்றைவிடப் பத்து பெரியதென நாம் அறிவோம். ஒருவன் வந்து, ‘இல்லை, மூன்றே பெரியது, இதற்குச் சான்றாக இக்கோலைப் பாம்பாக்குகிறேன்’ என்று சொல்லி அவ்வாறே செய்தும் காட்டினால்? எப்படிச் செய்தான் என்று வியக்கலாமேயன்றி, எண்ணின்மீது ஐயங்கொள்ள இயலாது என்கிறார்கள். அதே நூலில்தான், ஐம்புலன்களையும் அறிவின் அடிப்படைகளையுமே நம்ப மாட்டாமல் சுமார் இரண்டு மாதம் தவித்ததையும், கோவைப்படுத்திய ஆதாரங்களால் அன்றி இறைவன் நெஞ்சில் இட்ட ஒளியாலேயே மீண்டதையும் ஒளிக்காமல் எழுதுகிறார்கள். ஆதாரத்தை நிறுவ முற்கூற்றுகள் வேண்டும். அவற்றையே ஐயுறுபவனுக்கு எதைக் கொண்டு நிறுவுவது?

தர்க்கம் யவனர் சரக்கென்று ஒதுக்கியோருக்கு விடையாக அமைந்தது ‘அல்கிஸ்தாஸுல் முஸ்தகீம்’. ‘நேரிய துலாக்கோல்’ என்னும் பொருள்தரும் இப்பெயர் திருமறையின் சொல் (17:35). பிழையற்ற இமாம் ஒருவரைக் கண்மூடிப் பின்பற்றினாலன்றி உண்மை கிட்டாதென்ற பாத்தினிய்யாக்களிடம், திருமறையே நிறுக்கும் முறையைக் கற்பிக்கிறது என வாதிடுகிறார்கள். நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் நம்ரூதிடம் சூரியனை மேற்கிலிருந்து கொண்டுவரப் பணித்த வாதத்தை (2:258) எடுத்து, ‘சூரியனை உதிக்கச் செய்ய வல்லவனே இறைவன், என் இரட்சகன் அதற்கு வல்லவன், ஆகவே அவனே இறைவன், நீ அல்லன்’ என்று பகுத்துக் காட்டுகிறார்கள். மன்திக் பாடத்தில் நாம் உருப்போட்ட ஸுஃரா, குப்ரா, நதீஜா மூன்றும் அதனுள் அடக்கம்.

எல்லாரும் இதற்கு இசைந்தனர் என்று சொல்வதற்கில்லை. 1245-இல் மறைந்த திமிஷ்கின் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் மன்திக் கலையே கூடாதெனத் தீர்ப்பளித்தார்கள். 1328-இல் மறைந்த இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களோ மன்திக்கை மறுத்து ஒரு பெருநூல் யாத்தார்கள். தர்க்கத்தைத் தர்க்கத்தாலேயே மறுக்கும் அந்நூலைப் படிக்கவும் மன்திக் தெரிந்திருக்க வேண்டும் என்பது சுவையான செய்தி! 16-ஆம் நூற்றாண்டில் அல்ஜீரியப் பகுதியில் வாழ்ந்த அல்அக்ளரீ (ரஹ்), ‘ஸுல்லம்’ என்னும் தம் செய்யுள் நூலில் இக்கருத்து வேற்றுமையைப் பதிவு செய்து, தெளிந்த அறிவுடன் வேதத்திலும் ஸுன்னத்திலும் பயிற்சியுள்ளவர் இக்கலையைக் கற்கலாம் என்ற கூற்றையே ஏற்றார்கள். பிழையிருப்பின் பொறுத்தருளுமாறு நூலிறுதியில் வேண்டுகிறார்கள். அப்போது அவர்களுக்கு வயது 21.