நகல் முடிந்துவிட்டதா?

2007 ஐப்பசி. ஜெகதளாவில் மூன்று நாளாக விடாத மழை. எங்கள் ஹெத்தை (படுகு மொழியில் பாட்டியை அப்படித்தான் சொல்வோம்) ஒரு பழைய கதைப்பாட்டை முழுசாகப் பாடி முடித்திருந்தார். சின்ன டிஜிட்டல் ரெக்கார்டரில் நாற்பது நிமிடம். கார்டை எடுத்துக் கணினியில் செருகி, கட் செய்து, டெஸ்க்டாப்பில் பேஸ்ட் செய்தேன். பச்சைக் கோடு ஓடி முடிந்து பெட்டி மூடியது. ரெண்டு மூணு செகண்டில் கரண்ட் போய்விட்டது.

கரண்ட் வந்ததும் பார்த்தால் கோப்பு இருந்தது. பெயர் சரி, அளவும் சரி. ஆனால் திறந்தால் சத்தமே இல்லை. உள்ளே முழுக்கப் பூஜ்ஜியம். கார்டிலோ எதுவும் இல்லை. அழிந்ததை மீட்கும் மென்பொருள்கள் உண்டு என்பதெல்லாம் அப்போது தெரியாது. மறுநாளே அதே கார்டில் வேறு எதையோ பதிவு செய்துவிட்டேன். தவறு என்னுடையதுதான். காப்பி செய்ய வேண்டிய இடத்தில் கட் செய்தேன், யூபிஎஸ்ஸும் வைத்திருக்கவில்லை. அடுத்த வருஷம் மறுபடி பாடச் சொன்னபோது ஹெத்தைக்குப் பாதிதான் ஞாபகம் வந்தது.

அதன் பிறகுதான் இந்தக் காப்பி என்கிற சாதாரண வேலையின் சரித்திரத்தைத் தோண்ட ஆரம்பித்தேன்.

முதலில் அந்தப் பெட்டி ஏன் பொய் சொன்னது? ஒரு நிரல் எழுதச் சொல்வதை ஓஎஸ் உடனே வட்டில் எழுதுவதில்லை. முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறது. இதற்குக் கேஷ் என்று பெயர். பிறகு சாவகாசமாக வட்டுக்கு அனுப்பும். அருவங்காட்டுத் தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு வருவது போல. போட்டாயிற்று, ஆனால் போய்ச் சேரவில்லை. இது எல்லா ஓஎஸ்ஸிலும் இருக்கிற ஏற்பாடுதான். என்டிஎஃப்எஸ் கோப்பின் பெயர், அளவு போன்ற விவரங்களுக்கு மட்டும் தனிக் குறிப்பேடு வைத்திருக்கும், உள்ளடக்கத்துக்கு வைக்காது. அதனால்தான் உறை இருந்தது, கடிதம் இல்லை.

டாஸ் காலத்திலிருந்தே வேகம்தான் பேச்சு. 1981-ல் வந்த டாஸில் காப்பி கட்டளை ஒவ்வொரு கோப்பாகப் படித்து எழுதும். 1986-ல் டாஸ் 3.2-வுடன் வந்த எக்ஸ்காப்பி, நினைவகம் கொள்ளும் அளவுக்குப் பல கோப்புகளைச் சேர்த்துப் படித்து, பிறகு மொத்தமாக எழுதும். பிளாப்பி காலத்தில் அது பெரிய நிம்மதி. அதே 1986-ல் ஜான் சோகா எழுதிய நார்ட்டன் கமாண்டர் வந்தது. இடது பக்கம் ஒரு பலகம், வலது பக்கம் ஒரு பலகம். எங்கிருந்து எங்கே போகிறது என்பது கண்ணெதிரே தெரியும். சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் கிஸ்லர் 1993-ல் தொடங்கிய டோட்டல் கமாண்டர் இன்றும் அதே அமைப்பில்தான் இருக்கிறது. நான் இன்னும் அதை விடவில்லை.

பாதியில் அறுந்தால் என்ன செய்வது என்று யோசித்தவர்கள் நெட்வொர்க் ஆட்கள். மைக்ரோசாஃப்டில் கெவின் ஆலன் எழுதிய ரோபோகாப்பி, விண்டோஸ் என்டியின் ரிசோர்ஸ் கிட்டில் வந்தது. பெயரில் இருக்கும் 'ரோபோ' எந்திரன் அல்ல, 'ரோபஸ்ட்' என்பதன் சுருக்கம். விட்ட இடத்திலிருந்து தொடரும், தோற்றால் மறுபடி முயலும். 1996-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மாக்கெராஸும் ஆர்சிங்க் செய்தார்கள். மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் யோசனை அது.

எனக்குப் பிடித்த கட்டம் விஸ்டா. அதன் முதல் வெளியீட்டில் பெரிய கோப்புகளை கேஷைத் தொடாமல் காப்பி செய்தார்கள். அதாவது, பெட்டி மூடினால் வேலை நிஜமாகவே முடிந்திருக்கும். ஜனங்கள் என்ன சொன்னார்கள்? "எக்ஸ்பியை விட ரொம்ப ஸ்லோ!" எக்ஸ்பியில் பெட்டி சீக்கிரம் மூடிவிடும், மிச்ச வேலை பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை 2008 பிப்ரவரியில் மார்க் ருசினோவிச் விளக்கி எழுதினார். முதல் சர்வீஸ் பேக்கில் மறுபடி கேஷுக்கே திரும்பினார்கள். உண்மையைச் சொன்ன பெட்டியை நாம்தான் விரட்டினோம் என்று நினைக்கிறேன்.

இந்தச் சூழலில்தான் 2007-ல் கோட் செக்டரின் டெராகாபி வந்தது. நிறுத்தி வைக்கலாம், பழுதான கோப்பைத் தாண்டிப் போகலாம். எல்லோரும் வேகத்துக்காக இறக்கினார்கள். யூஎஸ்பி 2.0 நடைமுறையில் நொடிக்கு 30, 35 மெகாபைட்தான் தரும், எந்த மென்பொருளும் அதைத் தாண்டாது. அதன் நிஜமான உபயோகம் ஒப்பிட்டுப் பார்ப்பது. மூலத்துக்கும் நகலுக்கும் தனித்தனியே ஒரு கணக்கு எண் போட்டு, ரெண்டும் ஒன்றா என்று சொல்லும். ஜப்பானின் ஷிரோஸு ஹிரோஆகி எழுதிய ஃபாஸ்ட்காபி இன்னும் கறார். ஓஎஸ்ஸின் கேஷைத் தொடாது, ஆகவே சரிபார்க்கும்போது வட்டிலிருந்தே படிக்கும்.

டெஸ்க்டாப்பையும் சொல்லியாக வேண்டும். எந்த நகல் எங்கே என்று தெரியாவிட்டால் நகல் இருந்தும் பயனில்லை. 1981-ல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினி, மேசைமேல் காகிதம் போல் ஐகான்களைப் பரப்பிக் காட்டியது. மேசையோடு குப்பையும் கூடவே வந்தது. எக்ஸ்பியில் 60 நாளுக்கு ஒருமுறை "தொடாத ஐகான்களை ஒதுக்கட்டுமா?" என்று ஒன்று வந்து கேட்கும். யாரும் அதை மதித்ததாக ஞாபகம் இல்லை. 2009-ல் ஸ்டார்டாக்கின் ஃபென்சஸ் வேலி கட்டிக் கொடுத்தது: ஐகான்களைப் பாத்தி பாத்தியாகப் பிரிக்கலாம், காலி இடத்தில் டபுள் கிளிக் செய்தால் எல்லாம் மறையும். நான் மூன்று வேலி வைத்திருக்கிறேன்: வந்தது, கேட்டது, ரெண்டு இடத்தில் சேர்த்தது. மூன்றாவது வேலிக்குள் போகாத எதையும் கார்டிலிருந்து அழிப்பதில்லை.

போன மாதம் ஹட்டியில் பதிவு செய்ததையெல்லாம் இரண்டு புது வட்டுகளுக்கு மாற்றினேன். இரவு முழுக்க ஓடியது. காலையில் ஒவ்வொரு கோப்பாகப் பார்த்தேன். 2007-ன் அந்த நாற்பது நிமிடக் கோப்பும் பட்டியலில் இருந்தது. மூலமும் நகலும் அட்சரம் பிசகாமல் பொருந்துகின்றன என்று காட்டியது.