போட் மெயில்: கடல் கடந்த உறவின் பாதை

சென்னை எழும்பூரில் ஒரு மாலைப்பொழுதில் வண்டியேறிய ஒருவர், மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, அங்கே காத்து நின்ற நீராவிக் கப்பலில் கடலைக் கடந்து, அந்தி சாயும் வேளையில் தலைமன்னாரில் மீண்டும் இரயிலேறி, அதற்கடுத்த நாட்காலையில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் தம்மை எதிர்பார்த்து நிற்கும் தமையனாரையோ மருமகனையோ கண்டு தழுவிக்கொள்ளலாம் என்ற நிலை, 1914-ஆம் ஆண்டு தொடங்கி அரை நூற்றாண்டுக் காலம் நம் நாட்டில் இருந்தது. இருகரை இரயில்களுக்கும் இடைப்பட்ட கப்பலுக்கும் சேர்த்து ஒரே சீட்டு வாங்கினால் போதும். இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் என்பது அதன் உத்தியோகப் பெயராயினும், ஜனங்கள் அதைப் போட் மெயில் என்றே அழைத்தார்கள்.

இப்பாதையின் அருமையை உணர வேண்டுமானால் இதற்கு முன்னிருந்த பாதையை நினைத்துப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டி மலைச்சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் தோன்றியபோது, இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிச் சீமைகளில் பஞ்சத்தாலும் கடனாலும் நலிந்த ஏழை ஜனங்கள், ஆள் திரட்டி அழைத்துச் செல்லும் கங்காணி ஒருவரின் பின்னே கால்நடையாகக் கடற்கரைக்கு வந்து, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரையில் காட்டுவழியே நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் அவ்வழியில் கொண்டுபோன உயிர்கள் பல. பின்னர் 1869 முதல் இலைநோயால் காப்பிப் பயிர் அழிய, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. காப்பிப்பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டும் போய்வந்துகொண்டிருந்தவர்கள், ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டிய தேயிலையின் பொருட்டுக் குடும்பத்தோடு அங்கேயே தங்கலாயினர். ஒரே குடும்பத்தின் ஒரு கிளை இங்கும் மறு கிளை அங்குமாகப் பிரிந்தது அக்காலத்தில்தான். உறவினரைக் காணக் கடல் கடக்கும் வழக்கம் வேர்கொண்டதும் அப்பிரிவிலேதான்.

1876-இல் இரயில் தூத்துக்குடியை எட்டியதும், அத்துறைமுகமே இலங்கைப் பிரயாணத்தின் தலைவாயில் ஆயிற்று. சென்னையிலிருந்து கப்பலுக்குத் தபாலும் பிரயாணிகளும் கொண்டுவந்த வண்டிக்கே போட் மெயில் என்ற பெயர் முதலில் வழங்கியது. வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்து ஆங்கிலேயக் கம்பெனியுடன் போட்டியிட்டதும் இதே தூத்துக்குடி–கொழும்பு மார்க்கத்திலேதான். அந்நாளில் தோட்டத்துக்குச் சென்ற தொழிலாளியின் கழுத்தில் ஒரு சிறு தகர வில்லை தொங்கிற்று. இன்ன தோட்டத்துக்கு உரிய ஆள் என்பதைக் காட்டும் அடையாளம் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் காட்டினால் வழிச்செலவு கேட்கப்படமாட்டாது. செலவெல்லாம் பிறகு தோட்டத்தின் கணக்கில் சேரும். தகர டிக்கெட்டு என்று வழங்கிய அவ்வில்லையை அணிந்து போனவருக்கும் ஊரில் ஒரு பெயரும், குலதெய்வமும், வழியனுப்பிவிட்டுக் கண்ணீரோடு நின்ற தாயும் இருந்தார்கள். அவ்வேற்பாட்டை வகுத்தவர்களுக்கு அந்த விவரங்கள் வேண்டியிருக்கவில்லை.

1914-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது பாதையின் போக்கே மாறியது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள அப்பாலத்தில், 145 சாதாரணக் கண்களுடன், கப்பல்களுக்கு வழிவிடுவதற்காக இரு பாதியாகப் பிளந்து மேலெழும் தூக்குக் கண் ஒன்றும் அமைந்திருந்தது. கப்பல் வரும்போதெல்லாம் இருபுறத்திலும் ஆட்கள் நின்று நெம்புகோல்களைச் சுற்றி, கைவலிமையாலேயே அவ்விரும்புச் சிறகுகளை உயர்த்துவார்கள். அதே ஆண்டில் இலங்கையிலும் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரையில் இருப்புப்பாதை முடிந்துவிடவே, இரு கரைகளிலும் இரயில்கள் கடல் விளிம்பு வரையில் வந்து நின்றன. இடையே இருந்தது ஏறக்குறைய 22 மைல் கடல். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்சு என்றும், பின்னாளில் இர்வின், கோஷன் என்றும் இராஜப்பிரதிநிதிகளின், கவர்னர்களின் பெயர் தாங்கிய கப்பல்கள் அக்கடலில் போய்வந்தன.

தொழிலாளரையும் சரக்கையும் தபாலையும் ஏற்றிச் செல்வதற்காக அரசாங்கமும் கம்பெனிகளும் தோட்டத் துரைமார்களும் அமைத்துக்கொண்ட அந்தப் பாதையை, நம் ஜனங்கள் வெகு விரைவிலேயே கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் போய்வரும் பாதையாகத் தமதாக்கிக்கொண்டார்கள். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்குச் செல்லும் பாதை 1930-இல் முடிந்தபோது, கொழும்புச் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த நகரத்தார், தம் வீட்டு விசேஷங்களுக்கு வந்து திரும்புவது எளிதாயிற்று. கீழக்கரை மரைக்காயர்களும், தூத்துக்குடி வியாபாரிகளும், சிதம்பர தரிசனத்துக்கு வந்த யாழ்ப்பாணத்துச் சைவர்களும், 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயில வந்த மாணவர்களும் கடல் கடந்து போய்வந்தார்கள். மட்டக்களப்புச் சீமையைச் சேர்ந்த விபுலாநந்த அடிகள் அப்பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931-இல் அமர்ந்தார் என்பது, இரு கரைகளும் அந்நாளில் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதற்குச் சான்று.

மூன்றாம் வகுப்புப் பெட்டியின் பலகையில் கண்ட காட்சியையும் இங்கே சொல்லவேண்டும். ட்ரங்குப் பெட்டியில் மடித்து வைத்த புதுச் சேலை; ஓலைக்கொட்டானில் கருப்பட்டி; இரண்டு வேளைக்குக் காணும்படி வாழையிலையில் கட்டிய புளிச்சோறு; மஞ்சள் துணியில் முடிந்த குலதெய்வத்தின் திருநீறு. தங்கை மகளுக்குச் சடங்கு என்று கடிதம் கண்டு புறப்பட்ட ஒரு தாய்மாமன், சீர்ப்பொருளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் கண்ணயராமல் அதைக் காத்துக்கொண்டே செல்வார். அட்டனிலிருந்தோ தலவாக்கலையிலிருந்தோ ஊருக்கு வருகிறவரின் மூட்டையில் தேயிலைப் பொட்டலங்கள் இருக்கும். அவை தெருவில் வீட்டுக்கு ஒன்றாகப் பங்கிடப்படும்.

ஆயினும் எல்லோருக்கும் ஒரேவிதமான மரியாதை கிடைத்துவிடவில்லை. தோட்டத் தொழிலாளர் மட்டும் மண்டபம் முகாமில் சில நாட்கள் நிறுத்தப்பட்டு, அம்மைப்பால் வைக்கப்பட்டு, நோயில்லை என்று கண்ட பிறகே கப்பலேற்றப்பட்டார்கள். முதல் வகுப்புப் பிரயாணி சில மணி நேரத்தில் கடந்த கடலை, அவர்கள் கடப்பதற்குச் சில நாட்களாயின. அவ்வளவு சிரமத்தையும் பொறுத்துக்கொண்டு, சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தைச் செலவழித்து அவர்கள் ஊருக்கு வந்துபோனார்கள் என்பதிலிருந்தே, உறவென்பது அவர்களுக்கு எத்தகைய பொருளாயிருந்தது என்பது விளங்கும்.

இப்பாதையை முதலில் குறுக்கியவை சட்டங்களே. இலங்கை அரசாங்கம் இந்தியத் தொழிலாளர் சிலரை வேலையிலிருந்து நீக்கியதற்கு மறுமொழியாக, 1939-இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் அங்கே செல்வதற்குத் தடை விதித்தது. ஊருக்கு வந்தால் மீண்டும் வேலைக்குத் திரும்ப முடியுமோ முடியாதோ என்ற அச்சம் அன்று தோட்டக் குடும்பங்களில் புகுந்தது. 1948-இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி இரு நாட்டுப் பிரதமர்களிடையே செய்துகொள்ளப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இவ்வாறு நாடற்றுப்போன 9,75,000 மனிதர்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிட்டது. அண்ணன் ஒரு தேசத்துக்கும் தம்பி மற்றொரு தேசத்துக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு.

ஒப்பந்தத்தின் மை உலர்ந்து இரண்டு மாதம் ஆகுமுன்னரே, டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய பெரும்புயலில் கடல் பொங்கியெழுந்து தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருந்த பாசஞ்சர் வண்டி, அதிலிருந்தவர்கள் அனைவரோடும் அலையில் மாண்டது. இரயில் நிலையம், சுங்கச்சாவடி, தபாலாபீஸ், பள்ளிக்கூடம், கோவில் எல்லாம் ஓரிரவில் சிதைந்தன. பாம்பன் பாலத்தின் கண்கள் பலவும் அடித்துச் செல்லப்பட்டன. தூக்குக் கண் மட்டும் நிலைத்து நின்றது. இளம் பொறியாளராயிருந்த ஈ. ஸ்ரீதரன் அவர்கள் பொறுப்பேற்று, கடலில் வீழ்ந்த உத்தரங்களையே மீட்டெடுத்துப் பொருத்தி, 46 நாட்களில் பாலத்தை மீண்டும் நடமாட்டத்துக்குக் கொணர்ந்தார். புயல் உடைத்ததை மனிதர் இவ்வளவு விரைவில் சீராக்கிவிட்டார்கள். தேசத்து எல்லைகளின் பெயரால் மனிதரே உடைத்ததைச் சீராக்க அத்தகைய தீவிரம் எவரிடமும் எழவில்லை.

புயலுக்குப் பிறகு கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. ஆனால் அதில் வந்தவர்களுள் பெரும்பாலோர் திரும்பிப்போகும் எண்ணத்தோடு வரவில்லை. மலையகத்தில் இரயிலைக் கோச்சி என்பார்கள். தாயகம் திரும்புவோரைத் தலைமன்னாருக்குச் சுமந்து சென்ற வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்துவிட்டது. நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு அழுத அழுகைக்குக் காரணம், இனி ஒருவரையொருவர் காணப்போவதில்லை என்று அவர்கள் அறிந்திருந்ததே ஆகும். இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டதை அடுத்துக் கப்பலும் நின்றது. 1990-இல் தலைமன்னார் இருப்புப்பாதையும் மறைந்தது.

இன்று, அழிந்த தலைமன்னார்ப் பாதை 2015-இல் மறுபடியும் திறக்கப்பட்டிருக்கிறது. பாம்பனில் புதிய பாலம் 2025-இல் திறக்கப்பட்டிருக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023-இல் பிரயாணிக் கப்பல் தொடங்கப்பட்டது. இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையிலும் ஒரு கப்பல் வேண்டும். ஏழைத் தொழிலாளியும் கொடுக்கக்கூடிய கட்டணமும், உறவினரைக் காணச் செல்வோருக்கு எளிதில் கிடைக்கும் அனுமதியும் வேண்டும். இவற்றை அரசாங்கங்களிடம் கேட்டுப் பெறுவது இரு கரைத் தமிழரின் உரிமை. அதுவரையில் நாம் செய்யவேண்டிய காரியம் ஒன்றிருக்கிறது. கண்டிச் சீமையில் எந்தத் தோட்டத்தில், எந்த இலயத்தில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்), இன்னார் மக்கள் இருக்கிறார்கள் என்பதை வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு இப்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கப்பல் ஓடத் தொடங்கும் நாளில் யார் வீட்டுக்குப் போவது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?